கேரளா நம்பரை விட்டுடலாமா?

கேள்வி:

தம்பி வணக்கம். நாங்க கூடலூர், தேனி மாவட்டம். முன்னாடி வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்துல லயத்துல குடியிருந்தோம், இப்ப பையன் படிப்புக்காக கீழ வந்துட்டோம். வீட்டுக்காரர் மட்டும் தினம் காலையில ஜீப்ல ஆளுகள ஏத்திக்கிட்டு மேல போயிட்டு வர்றாரு. மேல இருக்கும்போது வாங்குன கேரளா நம்பர்தான் எனக்கு ரொம்ப வருஷமா இருக்கு. குமுளி பேங்க் கணக்கு, ஜிபே, வாட்ஸ்அப் எல்லாமே அதுலதான். அந்த சிம் யார் பேர்ல வாங்குனதுன்னு கூட இப்ப ஞாபகம் இல்ல, ஜீப் ஓனர்தான் கடையில சொல்லி வாங்கிக் குடுத்தாரு. போன வருஷம் புதுசா ஒரு தமிழ்நாடு நம்பர் வாங்கினேன். ரெண்டுக்கும் மாசாமாசம் ரீசார்ஜ் போட கட்டுப்படியாகல, அதனால கேரளா நம்பருக்கு ரெண்டு மாசமா போடல. ஆனா அதுல வாட்ஸ்அப் ஓடிக்கிட்டுதான் இருக்கு. பையன் பன்னெண்டாவது, காலேஜ் அப்ளிகேஷனுக்கு பிரவுசிங் சென்டர் தம்பிதான் மெயில் ஐடி போட்டுக் குடுத்தாரு. அவரு சொல்றாரு, எல்லாம் மெயில்ல இருக்குக்கா, நம்பர் போனா போகட்டும்னு. எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, நம்பர் போனா எல்லாம் போச்சுன்னு. யார் சொல்றது சரி? இன்னொண்ணு, நான் பாஸ்வேர்டு எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், பையன் பாத்துட்டு சிரிக்கிறான். அது தப்பா?

பதில்:

அக்கா, மொதல்ல அந்த கேரளா நம்பருக்கு இன்னைக்கே ரீசார்ஜ் போட்டுருங்க, மீதிய அப்புறம் படிச்சுக்கலாம். இருக்கறதுலயே சின்ன பிளான் போதும், டேட்டா வேண்டாம். போட்டதும் அந்த நம்பர்ல இருந்து வீட்டுக்காரருக்கு ஒரு போன் பண்ணுங்க, போகுதான்னு பாருங்க. போச்சுன்னா நம்ம கையில இன்னும் நேரம் இருக்கு. ரெண்டு மாசமா போடலன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரியப் படிச்சதும்தான் மத்த கடுதாசியெல்லாம் தள்ளி வெச்சுட்டு உங்களுக்கு மொதல்ல எழுத உக்காந்தேன்.

உங்க வீட்டுக்காரர் சொல்றதுதான் உண்மைக்குப் பக்கத்துல இருக்கு. பிரவுசிங் சென்டர் தம்பி நல்ல மனசோடதான் சொல்லிருப்பாரு, ஆனா அவர் சொன்னதுல பாதிதான் சரி, மெயில் விஷயத்துக்கு பின்னாடி வர்றேன்.

நம்பர்னு நாம சொல்றது நம்ம சொத்து கிடையாதுக்கா. அது வாடகை வீடு மாதிரி. ரீசார்ஜ் போடற வரைக்கும் நீங்க இருக்கலாம், நிறுத்திட்டா கொஞ்ச நாள் பாப்பாங்க, அப்புறம் காலி பண்ணி வேற ஆளுக்கு விட்ருவாங்க. ஏன்னா இந்தியாவுல செல்போன் நம்பர் பத்து இலக்கம், 6, 7, 8, 9 இந்த நாலுல ஒண்ணுலதான் ஆரம்பிக்கும், அப்ப மொத்தம் இருக்கற நம்பருக்கு ஒரு அளவு இருக்கு, நூறு கோடிக்கு மேல கனெக்‌ஷன் ஓடற நாட்டுல பழைய நம்பர திரும்ப எடுத்து குடுக்காம முடியாது. போன் கம்பெனிகளுக்கு விதி போடற மத்திய அமைப்பு டிராய், அதோட விதிப்படி பிரீபெய்டு சிம் 90 நாள் எதுக்குமே உபயோகப்படாம கெடந்தா, அதாவது போகல, வரல, மெசேஜ் இல்ல, நெட் இல்லன்னா, கம்பெனி அதை கட் பண்ணலாம். அப்ப சிம்முல இருபது ரூபாயாவது பேலன்ஸ் இருந்தா அந்த இருபதை எடுத்துக்கிட்டு இன்னும் முப்பது நாள் நீட்டிக் குடுக்கணும், 2013ல இருந்து இந்த விதி இருக்கு, ஆனா இதை எந்தக் கடையிலயும் யாரும் சொல்ல மாட்டாங்க. கட் ஆன நம்பர குறைஞ்சது 90 நாள் யாருக்கும் குடுக்கக் கூடாது, இதை 2023ல டிராய் சுப்ரீம் கோர்ட்டுலயே சொல்லிருக்கு. அந்த 90 நாளும் முடிஞ்சுட்டா அது கோட்டயத்துலயோ காசர்கோட்டுலயோ முன்னபின்ன தெரியாத ஒருத்தர் கைக்கு புது சிம்மா போயிரும். அவர் மேல ஒரு தப்பும் இல்ல, அவர் காசு குடுத்து வாங்கின நம்பர்தான அது.

இப்ப வாட்ஸ்அப்ப எடுத்துக்கங்க. ரீசார்ஜ் போடாமலே ஓடுதேன்னு நினைச்சு நிம்மதியா இருக்கீங்க, நம்ம பக்கம் பாதிப் பேரு இப்படித்தான் இருக்காங்க. மேல தோட்டத்துல ஒரு நம்பர்ல வாட்ஸ்அப்ப போட்டுட்டு கீழ வந்து வேற சிம்முல நெட் போட்டுக்கிட்டு பழைய நம்பர்லயே வருஷக்கணக்கா ஓட்டறாங்க. அது ஏன் ஓடுதுன்னா, வாட்ஸ்அப் உங்க நம்பர சரிபாக்கறது ஏத்தும்போது ஒரே ஒரு தடவதான், அந்த ஆறு இலக்க எஸ்எம்எஸ் வந்துச்சுல்ல, அதோட முடிஞ்சுது. அதுக்கப்புறம் சிம் உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு அது பாக்கறதில்ல, இதுவரைக்கும் அப்படித்தான் கட்டி வெச்சிருந்தாங்க. 2025 நவம்பர்ல மத்திய தொலைத்தொடர்புத் துறை இதை மாத்தணும், சிம் போன்ல இருந்தாத்தான் இந்த மாதிரி ஆப் ஓடணும்னு உத்தரவு போட்டுருக்கு, அதனால இப்ப ஓடறத நம்பி இருக்காதீங்க. அதை விடுங்க, பெரிய ஆபத்து வேற. நாளைக்கு அந்த காசர்கோட்டுக்காரர் தன்னோட புது நம்பர்ல வாட்ஸ்அப் ஏத்தினா அவருக்குத்தான் அந்த ஆறு இலக்கம் வரும், அவர் போட்ட நிமிஷமே உங்க போன்ல வாட்ஸ்அப் வெளிய தள்ளிரும். உங்க பழைய பேச்சு எதுவும் அவருக்குத் தெரியாது, அது உங்க போனுக்குள்ளதான் இருக்கு, ஆனா அதுக்கப்புறம் உங்களுக்குன்னு யாரு எது அனுப்பினாலும் அவருக்குப் போகும். பையன் ஸ்கூல் குரூப், சுய உதவிக் குழு குரூப், உங்க அக்கா தங்கச்சிக அனுப்பற போட்டோ. அனுப்பறவங்களுக்கு நீங்கதான்னு நினைப்பு இருக்கும். அவர் நல்லவரா இருந்தா ராங் நம்பர்னு சொல்லுவாரு. இல்லைன்னா உங்க பேர்ல உங்க தங்கச்சிகிட்ட அவசரமா ஐயாயிரம் அனுப்புன்னு கேப்பாரு.

பேங்க் விஷயம் இன்னும் கவனமா பாக்கணும். ஜிபே மாதிரி யூபிஐ ஆப் மொதல் தடவை ஏத்தும்போது உங்க போன்ல இருந்து அதுவா ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், கவனிச்சிருப்பீங்க. அந்த மெசேஜ் எந்த நம்பர்ல இருந்து வருதுன்னு பாத்துதான் இந்த போனும் இந்த சிம்மும் இந்தக் கணக்கும் ஒரே ஆளோடதுன்னு முடிவு பண்ணுது. அதனால சிம் கட் ஆனாலும் கொஞ்ச நாள் ஜிபே வேலை செய்யும். ஆனா போன் கெட்டுப் போச்சு, புது போன் வாங்குறீங்க, அல்லது பையன் தெரியாம ஆப்ப அழிச்சுட்டான்னு வைங்க, திரும்ப ஏத்த முடியாது, ஏன்னா அந்த மெசேஜ அனுப்ப சிம் இல்ல. இதுபோக, கட் ஆன நம்பர், வேற ஆளுக்குப் போன நம்பர் லிஸ்ட்ட பேங்குகளும் ஆப்புகளும் வாரத்துக்கு ஒருதடவயாவது பாத்து அந்த யூபிஐய நிறுத்தணும்னு யூபிஐய நடத்தற என்பிசிஐ 2025ல சொல்லிருச்சு, அது நல்ல ஏற்பாடு, அதுல எனக்கு சந்தோஷம்தான், ஆனா உங்களுக்கு என்ன ஆகும்னா வீட்டுக்காரர் கூலிக்காசு அனுப்பற அன்னைக்கு திடீர்னு போய்ச் சேராம நிக்கும். பேங்க்ல இருந்து வர்ற ஓடிபி, பணம் எடுத்த மெசேஜ், அதெல்லாம் பேங்க்ல நம்பர மாத்தற வரைக்கும் அந்தப் பழைய நம்பருக்குத்தான் போகும். யார் கையில அந்த நம்பர் இருந்தாலும்.

நான் கம்பத்துக்காரன், கொச்சியில ப்ரோக்ராம் எழுதற வேலை. இதை வெளிப்படையா சொல்லணும், எல்லாத்தையும் ஒரு நம்பர்ல கட்டி வெச்சது உங்க தப்பு இல்ல. அது எங்க தொழில்ல எடுத்த முடிவு. ஒருத்தர் யாருன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியணும், அதுக்கு முன்னாடி மெயில் ஐடி கேட்டாங்க, நம்ம ஊர்ல முக்காவாசிப் பேருக்கு மெயில் வர்றதுக்கு முன்னாடியே செல்போன் வந்துருச்சு, சரி நம்பரையே அடையாளமா வெச்சுக்கலாம்னு எல்லா ஆப்பும் அதே வழியில போயிருச்சு. எழுதறவனுக்கு அது ரொம்ப சுலபம், பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு யாரும் வந்து நிக்க மாட்டாங்க. ஆனா நம்பர் மாறும், சிம் தொலையும், வேலை தேடி மலையேறி எறங்கற சனங்களுக்கு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒருதடவ நம்பரே மாறிரும்னு அந்த ஆபீஸ்ல உக்காந்திருந்த யாரும் யோசிக்கல. மாசச் சம்பளம், ஒரே ஊரு, ஒரே போஸ்ட்பெய்டு நம்பர்னு வாழறவனுக்கு ஏத்த மாதிரி கட்டிட்டு ஜீப்புல போற சனத்துகிட்ட குடுத்துருக்காங்க. இது எனக்கு உண்மையிலேயே ஆத்திரமா வர்ற விஷயம்.

சரி, இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். எந்த நம்பர விடறது? நீங்க கேரளா நம்பர விடலாமான்னு கேக்கறீங்க. நான் சொல்றேன், விடறதா இருந்தா அந்த தமிழ்நாடு நம்பர விடுங்க. அது போன வருஷம்தான் வாங்கினது, அதுல என்ன கட்டி வெச்சிருக்கீங்க? சொந்தக்காரங்க நாலு பேருகிட்ட குடுத்துருப்பீங்க, கேஸ் புக் பண்ண குடுத்துருப்பீங்க, அவ்வளவுதான இருக்கும். பத்து இடத்துல இருக்கறத மாத்தறதா, ரெண்டு இடத்துல இருக்கறத மாத்தறதா? நம்ம ஊருல இருந்துக்கிட்டு கேரளா நம்பரான்னு தோணும். முன்னாடி அதுல அர்த்தம் இருந்துச்சு. குமுளி செக்போஸ்ட் தாண்டினா ரோமிங், லோயர் கேம்ப் எறங்கினா திரும்ப ரோமிங், வர்ற போனுக்கே காசு போன காலம் அது, அதனாலதான் நம்ம ஆளுக எல்லாரும் சட்டைப்பையில ரெண்டு சிம்மோட அலைஞ்சோம். இப்ப அந்தத் தொந்தரவு இல்ல, சாதாரண பிளான்லயே நாடு பூரா ஒரே மாதிரிதான், கூடலூர்ல இருந்தாலும் வண்டன்மேட்டுல இருந்தாலும் ஒண்ணுதான். ரெண்டு சிம் வெச்சிருந்ததுக்கு இருந்த காரணம் போய் பல வருஷமாச்சு, பழக்கம் மட்டும் மிச்சமிருக்கு.

கேரளா கம்பெனி சிம்முக்கு உங்க தெருவுல சிக்னல் சரியா கிடைக்கலன்னா அதே நம்பர வெச்சுக்கிட்டு கம்பெனியையும் சர்க்கிளையும், அதாவது எந்த மாநிலத்துக் கணக்குல இருக்குங்கறதையும், மாத்திக்கலாம், 2015 ஜூலையில இருந்து ஒரு மாநிலத்து நம்பர வேற மாநிலத்துக்கும் போர்ட் பண்ண முடியும். அந்த நம்பர்ல இருந்து 1900க்கு போர்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு இடம் விட்டு பத்து இலக்க நம்பரையும் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பினா ஒரு கோடு வரும், அதை எடுத்துக்கிட்டு புது கம்பெனி கடைக்கு ஆதாரோட போனா போதும். கோடு பொதுவா நாலு நாளைக்குத்தான் செல்லும், அதனால கடைக்குப் போற அன்னைக்கு அனுப்புங்க. வேற சர்க்கிளுக்கு மாறுறதுக்கு அஞ்சு வேலை நாள் வரைக்கும் ஆகலாம், பழைய சிம்முல கெடக்கற பேலன்ஸ் கூட வராது. பையனோட அப்ளிகேஷன் வேலை நடக்கற நேரத்துல மட்டும் இதைச் செய்யாதீங்க, ஓடிபி வர்ற நேரத்துல சிம் மாறிட்டு இருந்தா வம்பு.

ஆனா இதெல்லாம் ஒரு விஷயத்தப் பொறுத்துதான். சிம் யார் பேர்ல இருக்கு? ஜீப் ஓனர் வாங்கிக் குடுத்தாருன்னு எழுதிருக்கீங்க. அவர் கூட வந்து உங்க கார்டு குடுத்து வாங்கினாரா, இல்ல தன்னோட கார்டு குடுத்து வாங்கினாரா? மேல தோட்டத்துல இது ரொம்ப சகஜம். கங்காணி பேர்ல, கணக்குப்பிள்ளை பேர்ல, சில சமயம் சிம் விக்கிற கடைக்காரர் பேர்லயே எத்தனையோ பேரோட சிம் இருக்கு. அப்ப அட்ரஸ் புரூஃப் கேரளாவுது இல்ல, அவசரத்துக்கு போன் வேணும், யாரோ ஒருத்தர் உதவினாரு. உதவிதான், நான் குறை சொல்லல. ஆனா இப்ப போன் தொலைஞ்சா டூப்ளிகேட் சிம் உங்களுக்குக் குடுக்க மாட்டாங்க, பேர்ல இருக்கறவரு நேர்ல வந்து கைரேகை வெக்கணும். அவர் வேற ஊருக்குப் போயிருந்தா? அல்லது அவர் வீட்டுல யாராவது, சும்மா கெடக்கற சிம்தானன்னு நிறுத்திட்டா? உங்க பேங்க் கணக்கோட வழி இன்னொருத்தர் கைரேகைல நிக்குது.

பாக்கறதுக்கு சுலபமான வழி இருக்கு. மத்திய அரசோட சஞ்சார் சாத்தின்னு ஒரு சைட்டு இருக்கு, ஆப்பும் இருக்கு, பையன விட்டுத் தேடச் சொல்லுங்க. அதுல ஒரு நம்பர போட்டு ஓடிபி குடுத்தா அந்த ஆளு பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு லிஸ்ட் காட்டும், நம்பர் நடுவுல மறைச்சிருக்கும், ஆனா முன்னயும் பின்னயும் தெரியறத வெச்சு கண்டுபிடிச்சிரலாம். உங்க பேர்லதான்னு உறுதியா தெரிஞ்ச தமிழ்நாடு நம்பர போட்டுப் பாருங்க. லிஸ்ட்டுல கேரளா நம்பரும் வந்துச்சுன்னா ரெண்டும் உங்க பேர்லதான், நிம்மதி. வரலன்னா கேரளா நம்பர போட்டுப் பாருங்க, உங்களுக்குத் தெரியாத நம்பரா வரிசையா வந்தா அது வேற ஆளோட பேர்லதான் இருக்கு. அதே லிஸ்ட்டுல உங்க பேர்ல நீங்க வாங்காத சிம் ஏதாவது காட்டினாலும் அங்கேயே இது என்னோடது இல்லன்னு புகார் குடுக்கலாம். ஒருத்தர் பேர்ல ஒம்பது சிம் வரைக்கும் வெச்சுக்கலாம்னு விதி இருக்கறதால கடைக்காரங்க நம்ம கார்டுல கூட ஒண்ணு ரெண்டு எழுதிக்கறது நடக்குது, அதனால வீட்டுக்காரர் நம்பரையும் ஒருதடவ போட்டுப் பாத்துருங்க.

வேற ஆளு பேர்லதான்னு தெரிஞ்சா நான் மேல சொன்னது அப்படியே தலைகீழாயிரும். அப்ப ரெண்டு வழி. அந்த ஜீப் ஓனர் இன்னும் பேச்சுவார்த்தைல இருக்காருன்னா அவரையும் கூட்டிக்கிட்டு குமுளியில அந்த கம்பெனியோட சொந்தக் கடைக்குப் போங்க, மூலைக்கடை வேண்டாம், பேர் மாத்தணும்னு கேளுங்க, ரெண்டு பேரும் ஆதார் குடுத்தா மாத்திருவாங்க. அதுக்கு வழியில்லன்னா கேரளா நம்பர் உயிரோட இருக்கும்போதே ஒவ்வொண்ணா தமிழ்நாடு நம்பருக்கு எறக்கிருங்க.

அதுல மொதல்ல பேங்க். குமுளி கிளைக்கு பாஸ்புக், ஆதார் எடுத்துட்டு நேர்ல போய் நம்பர் மாத்த எழுதிக் குடுங்க, மாறிடுச்சுன்னு புது நம்பருக்கு மெசேஜ் வந்தாத்தான் மாறினதுன்னு அர்த்தம், கவுண்டர்ல ஆயிருச்சுன்னு சொன்னா போதாது. அது ஆனப்புறம் ஜிபேய புது நம்பர்ல ஏத்துங்க. ஆதார்ல எந்த நம்பர் இருக்குன்னும் பாருங்க, ஆதார் மையத்துல கைரேகை வெச்சு மாத்தறதுக்கு பழைய நம்பர் தேவையில்ல, அதனால அதுக்கு அவசரம் இல்ல, ஆனா விட்டுறாதீங்க, டிஜிலாக்கர், ஸ்காலர்ஷிப், பிஎஃப்னு போற இடமெல்லாம் ஆதார் ஓடிபி கேப்பாங்க. எஸ்டேட்டுல பிஎஃப் பிடிச்சிருந்தாங்கன்னா அந்தக் கணக்கும் பழைய நம்பர்லதான் இருக்கும், பல பேரு அந்தக் காசையே மறந்துட்டுதான் கீழ எறங்கி வர்றாங்க, கேட்டுப் பாருங்க.

வாட்ஸ்அப்ப அழிச்சுட்டு புதுசா போடாதீங்க. செட்டிங்ஸ்ல அக்கவுண்ட்டுக்குள்ள சேஞ்ச் நம்பர்னு இருக்கும், அதுல பழையதும் புதுசும் போட்டா குரூப், பேச்சு, போட்டோ எல்லாம் அப்படியே புது நம்பருக்கு வந்துரும், குரூப்ல இருக்கறவங்களுக்கு மாத்திட்டேன்னு அதுவே சொல்லிரும், மத்தவங்களுக்கும் சொல்லணுமான்னு அங்கேயே கேக்கும், சொல்லுன்னு குடுத்துருங்க. அங்கேயே டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்ல ஆறு இலக்க பின் ஒண்ணு போட்டுருங்க, எஸ்எம்எஸ் மட்டும் கையில கிடைச்சவன் உடனே உள்ள வர முடியாது. நம்பர் உங்க பேர்ல இருந்தாலும் இந்த பின்ன போடுங்க, வீட்டுல எல்லாரும் போடுங்க.

இப்ப மெயில். இதுலதான் எனக்குக் கவலை அதிகம், ஏன்னா உங்க பையனோட வருஷம் இதுல இருக்கு. பிரவுசிங் சென்டர் தம்பி மெயில் ஐடி போட்டுக் குடுத்தாருன்னு சொன்னீங்களே, அதுல ரெக்கவரி நம்பர், அதாவது பாஸ்வேர்டு மறந்தா திரும்ப உள்ள போக கோடு வர்ற நம்பர், யாரோடது? ஜிமெயில் புதுசா போடும்போது ஒரு நம்பர் கேக்கும், சென்டர்ல கூட்டம் நிக்கும், கையில இருக்கற தன்னோட நம்பரையே போட்டு ஓடிபிய வாங்கி முடிச்சுருவாங்க. பாஸ்வேர்டும் அவங்களே ஒண்ணு போடுவாங்க, பையன் பேரும் பொறந்த வருஷமும் சேத்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே கணக்குல. சில சமயம் அந்த கம்ப்யூட்டர்லயே பாஸ்வேர்டு பதிஞ்சு கெடக்கும். இந்தப் பக்கம் இ-சேவை, அந்தப் பக்கம் கேரளாவோட அக்ஷயா சென்டர், எங்க போனாலும் உதவி செய்யற அந்தப் பிள்ளைக நல்லதுக்குத்தான் பண்ணுதுக, ஆனா அப்புறம் கவுன்சிலிங் நேரத்துல பாஸ்வேர்டு மறந்து போய் அந்த சென்டர தேடிப் போனா கடையே காலி பண்ணிருப்பாங்க. அப்ப எல்லாம் மெயில்ல இருக்குன்னு அவர் சொன்னது உண்மைதான், ஆனா அந்த மெயில் உங்ககிட்ட இல்ல.

அதனால பையன சொந்த போன்ல, சென்டர் கம்ப்யூட்டர்ல இல்ல, அந்த மெயிலத் திறக்கச் சொல்லுங்க. கூகுள் அக்கவுண்ட்டுல செக்யூரிட்டி பக்கம் இருக்கும், அங்க ரெக்கவரி போன்னு காட்டற நம்பர பாருங்க, தெரியாத நம்பரா இருந்தா எடுத்துட்டு உங்க நம்பர போடுங்க, ரெக்கவரி மெயில்னு இன்னொண்ணு கேக்கும், அதுக்கு வீட்டுக்காரர் மெயிலோ உங்க மெயிலோ போடுங்க. அதே பக்கத்துல எந்தெந்த கம்ப்யூட்டர்ல இந்த மெயில் திறந்து கெடக்குன்னு லிஸ்ட் வரும், உங்க போன தவிர மத்ததையெல்லாம் சைன் அவுட் பண்ணுங்க. பாஸ்வேர்ட மாத்துங்க. கடைசியா டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுட்டு பேக்கப் கோடு எடுங்க, எட்டு இலக்கத்துல பத்து கோடு குடுக்கும், ஒவ்வொண்ணும் ஒரு தடவதான் செல்லும். போன் தொலைஞ்சாலும் சிம் செத்தாலும் பாஸ்வேர்டும் அந்த கோடு ஒண்ணும் இருந்தா மெயில திறந்துரலாம். நம்பர நம்பாம உள்ள போற வழி இது. ஓசியா குடுக்கறாங்க, ஆனா எடுத்து வெச்சிருக்கறவங்க ரொம்பக் கம்மி.

இன்னொண்ணும் பாத்துக்கங்க, அந்த மெயில்ல கூகுள் ஓசியா குடுக்கற இடம் 15 ஜிபிதான், மெயில், டிரைவ், போட்டோ எல்லாத்துக்கும் சேத்து. உங்க வீட்டுல ஒரே மெயில்ல எல்லாப் போனையும் போட்டு வெச்சிருந்தீங்கன்னா குலதெய்வம் கோயில் வீடியோவும் வாட்ஸ்அப் பேக்கப்பும் சேந்து அது ரொம்பி புது மெயில் வர்றதே நின்னுடும். காலேஜ்ல இருந்து வர்ற மெயிலும்தான் நிக்கும். பையனோட மெயில பையனுக்கு மட்டும் வைங்க.

நோட்டு விஷயம். பையன் சிரிச்சா சிரிக்கட்டும், நோட்ட தூக்கிப் போடாதீங்க. பாஸ்வேர்ட திருடறவன் எங்கேயோ உக்காந்துக்கிட்டு கம்ப்யூட்டர்ல தட்டறவன், உங்க பீரோவுக்குள்ள அவன் கை வராது. கம்ப்யூட்டர் பாதுகாப்புல உலகம் முழுக்கப் பேர் தெரிஞ்ச புரூஸ் ஷ்னையர்ங்கறவரு 2005லயே இதைத்தான் சொன்னாரு, ஞாபகம் வெக்கற மாதிரி லேசான பாஸ்வேர்ட போடறத விட கடினமானதா போட்டு காகிதத்துல எழுதி பத்திரமா வைங்கன்னு. எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு போட்டு மனசுல வெச்சிருக்கற உங்க பையனோட வழிதான் ஆபத்து, ஒரு இடத்துல போச்சுன்னா எல்லாத்துலயும் போச்சு. நீங்க எழுதறதால ஒவ்வொண்ணுக்கும் வேற வேற போட முடியுது. நோட்டுல ரெண்டு மட்டும் எழுதாதீங்க, ஏடிஎம் பின்னும் யூபிஐ பின்னும். அது ரெண்டும் நாலு இலக்கமோ ஆறு இலக்கமோதான், மனசுல நிக்கும். அந்த யூபிஐ பின்ன காசு அனுப்பும்போதும் பேலன்ஸ் பாக்கும்போதும்தான் கேக்கும், காசு வர்றதுக்கு எதுவும் போட வேண்டாம், கூலி அனுப்பறேன் பின் போடுங்கன்னு எவனாவது போன்ல சொன்னா உடனே வெச்சுருங்க. அப்படியும் காசு போயிருச்சுன்னா அந்த நிமிஷமே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிக்கணும், மறுநாள் பேங்க் திறக்கட்டும்னு காத்திருக்கக் கூடாது.

நோட்டோட கடைசிப் பக்கத்துல பையனோட பேக்கப் கோடையும் ரெண்டு போனோட ஐஎம்இஐ நம்பரையும், அதாவது ஒவ்வொரு போனுக்கும் இருக்கற தனி அடையாள நம்பரையும், எழுதி வைங்க. *#06# போட்டா வரும். போன் தொலைஞ்சா போலீஸ்ல புகார் குடுத்துட்டு அதே சஞ்சார் சாத்தில போனை எந்த சிம்முலயும் ஓடாம பிளாக் பண்ணலாம், அதுக்கு அந்த நம்பர் வேணும்.

ரெண்டு ரீசார்ஜ் கட்டுப்படியாகலன்னு சொன்னீங்க, அது நியாயமான பேச்சு, நான் ரெண்டையும் போட்டுக்கிட்டே இருங்கன்னு சொல்லல. வேலை முடியற வரைக்கும் ஒரு ரெண்டு மூணு மாசம் ரெண்டையும் தாங்குங்க, அதுக்கப்புறம் ஒண்ணுதான். பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் டேட்டா இல்லாத பிளான் வெக்கணும்னு டிராய் 2024 டிசம்பர்ல கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டுச்சு, 2025 ஜனவரில இருந்து எல்லாரும் வெச்சிருக்காங்க, ஒரு வருஷத்துக்கே கூட போட்டுக்கற மாதிரி இருக்கு. ஆப்ல மேல காட்ட மாட்டாங்க, கீழ வரைக்கும் தள்ளிப் பாக்கணும், கடையில டேட்டா இல்லாத வாய்ஸ் பிளான்னு வாய்விட்டுக் கேக்கணும். கேரளா நம்பருக்கு இப்போதைக்கு அது போதும், நெட்டு மத்த சிம்முல ஓடட்டும்.

எந்த வேலை முன்னாடின்னு கேட்டீங்கன்னா, இன்னைக்கு ரீசார்ஜ், இந்த வாரத்துல பையன் மெயில், அதுக்கப்புறம் சஞ்சார் சாத்தி பாத்துட்டு சிம் யார் பேருன்னு தெரிஞ்சுக்கங்க. வேற பேர்ல இருந்துச்சுன்னா வீட்டுக்காரர் மேல போற அன்னைக்கு அதே ஜீப்புல நீங்களும் குமுளிக்குப் போயி பேங்க் வேலைய முடிச்சுட்டு வந்துருங்க, ரெண்டாவது சனிக்கிழமையும் நாலாவது சனிக்கிழமையும் பேங்க் லீவு, அதையும் ஓணம், விஷு மாதிரி அவங்க பக்கத்து லீவையும் பாத்து கெளம்புங்க.